ராஸ்பெர்ரி பையில் முழு குவேக் 3 ஓட மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குவேக் 3 அரீனா என்ற சுடும் விளையாட்டு 1999 டிசம்பரில் வந்தது. அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 2005இல் அதன் மூல நிரலை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டது. அதை எடுத்து வளர்த்ததுதான் ஐஓகுவேக்3. இன்றைக்கு டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே அது இருப்பதால், ராஸ்பெர்ரி பை மாதிரியான விலை குறைந்த ஒற்றைப் பலகைக் கணினியில் எதையும் கம்பைல் செய்யாமலே நிறுவிவிடலாம். அப்படியும் பலருக்கு முதல் தடவை ஓடுவதில்லை. குற்றம் பெரும்பாலும் விளையாட்டின் மேல் இருக்காது. தரவுக் கோப்பு தப்பான இடத்தில் கிடக்கும். இல்லையென்றால் கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்க, சிபியு தனியாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் அடாப்டர் போதாது. இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் மீதி சுலபம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்துவிடப்பட்டது எஞ்சின் மட்டும்தான். மேப், ஒலி, உருவங்கள் எல்லாம் இன்னும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. பழைய சிடியோ, ஸ்டீமிலோ ஜிஓஜியிலோ வாங்கிய பிரதியோ உங்களிடம் இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் ஓபன்அரீனாவை நிறுவுங்கள். அதே எஞ்சின், தரவும் இலவசம், களஞ்சியத்தில் தயாராக இருக்கிறது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. வேறு மாதிரி வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

அறிகுறிக்கு முன்னால்: சரியான நிறுவல் எப்படி இருக்கும்

பை 4 அல்லது பை 5, 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ், அதன் டெஸ்க்டாப் பதிப்பு. களஞ்சியத்திலிருந்து ‘குவேக்3’ என்ற பேக்கேஜை, ஏபிடி என்ற நிறுவும் கட்டளை மூலம் நிறுவினால் எஞ்சினும் கூடவே வந்துவிடும். அடுத்து ‘கேம்-டேட்டா-பேக்கேஜர்’. இதற்கு விளையாட்டின் பெயரையும், உங்கள் பிரதி இருக்கும் கோப்புறையின் பாதையையும் கொடுத்தால், தரவை ஒரு டெப் பேக்கேஜாகக் கட்டித் தரும். ‘-ஐ’ சேர்த்தால் கையோடு நிறுவியும் விடும். 1.32 திருத்தக் கோப்புகளையும் அதுவே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கையால் நகலெடுப்பதைவிட இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். இது பெயரைப் பார்த்து நம்பாது. அளவையும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சமையும் ஒப்பிட்டுத்தான் கோப்பை ஏற்றுக்கொள்ளும். இது ஏற்க மறுத்தாலே உங்கள் பிரதியில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

விளையாட்டை மெனுவில் இருக்கும் ஐகானைச் சொடுக்கித் தொடங்காதீர்கள். டெர்மினலைத் திறந்து ‘குவேக்3’ என்று தட்டித் தொடங்குங்கள். ஐகானில் தொடங்கினால் ஜன்னல் ஒரு நொடி வந்து மறையும், அவ்வளவுதான். டெர்மினலில் தொடங்கினால் அது ஏன் செத்தது என்று கடைசி நாலு வரியில் எழுதியிருக்கும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த நாலு வரிதான் ஆதாரம்.

தொடங்கியவுடன் ‘பேக்0.பிகே3 இல்லை’ என்று சொல்லி மூடிக்கொள்கிறது

அடிக்கடி வருவது இதுதான். கோப்பு கண்ணெதிரே இருக்கும், விளையாட்டு இல்லை என்று சாதிக்கும். இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

எஞ்சின் தொடங்கும்போது எந்தெந்த இடங்களில் தேடியது என்று டெர்மினலில் பட்டியல் போடும். ‘கரன்ட் சர்ச் பாத்’ என்ற தலைப்புக்குக் கீழே பாருங்கள். தரவு சரியாக ஏறியிருந்தால் பேக்0.பிகே3 வரியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 3539 ஃபைல்ஸ் என்று வரும். அந்த வரியே இல்லையென்றால், பட்டியலில் உள்ள கோப்புறைகளுக்கும் நீங்கள் வைத்த இடத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். கையால் வைப்பதாக இருந்தால் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ‘.க்யூ3ஏ’, அதற்குள் ‘பேஸ்க்யூ3’, அதற்குள் கோப்பு. முன்னால் புள்ளி இருப்பதால் கோப்பு மேலாளரில் அந்தக் கோப்புறை தெரியாது. கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும்.

இடம் சரி, ஆனாலும் இல்லை என்கிறதா? அந்தக் கோப்புறைக்குள் போய் ‘எல்எஸ் -எல்’ கொடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் பெயர். சில சிடிகளிலும் விண்டோஸிலிருந்து நகலெடுத்த பென் டிரைவ்களிலும் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்துவிடும். விண்டோஸுக்கு அது பிரச்சினையே இல்லை. லினக்ஸுக்குப் பெரிய எழுத்துப் பேக்0 வேறு கோப்பு, சிறிய எழுத்துப் பேக்0 வேறு கோப்பு. ‘எம்வி’ கட்டளையால் பெயரை மாற்றிவிடுங்கள். கோப்புறைப் பெயருக்கும் இதே விதிதான். கோப்புறையை இழுத்துப் போடும்போது பேஸ்க்யூ3க்குள் இன்னொரு பேஸ்க்யூ3 உருவாகிவிடுவதும் சகஜம்; அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அனுமதி. நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு நகலெடுத்திருந்தால் கோப்பின் உரிமையாளர் ரூட், அதாவது நிர்வாகிக் கணக்கு, ஆகியிருப்பார். உங்கள் கணக்குக்கு அதைப் படிக்க அனுமதி இல்லையென்றால், எஞ்சினைப் பொறுத்தவரை கோப்பு இல்லாத மாதிரிதான். ‘சிஎச்ஓன்’ கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இதற்குப் போய் எல்லாவற்றையும் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், ஆக்கி வைக்க வேண்டாம்.

மூன்றாவது அளவு. முழு விளையாட்டின் பேக்0 கோப்பு 450 எம்பிக்கு மேல் இருக்கும். அதைவிடக் குறைவாக இருந்தால் நகலெடுக்கும்போது பாதியில் நின்றிருக்கிறது, அல்லது அது டெமோ.

அளவு சரியாக இருந்தும் உள்ளே சேதமாகியிருக்கலாம். பிகே3 என்பது பெயர் மாற்றிய சிப் கோப்புதான். அதனால் ‘அன்சிப் -டி’ கொடுத்து அந்தக் கோப்பைச் சோதித்துவிடலாம். உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பும் வரிசையாக ஓகே வாங்கிக்கொண்டு ஓடும். கடைசி வரியில் பிழை எதுவும் இல்லை என்று வந்தால் கோப்பு நலம். சிஆர்சி பிழை ஒன்று வந்தாலும் மறுபடி நகலெடுங்கள். மறுபடி எடுத்தும் வேறு வேறு இடத்தில் பிழை வந்தால் கோப்பை விட்டுவிட்டு மெமரி கார்டைச் சந்தேகப்படுங்கள். கொள்ளளவைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றும் கார்டுகள் இப்படித்தான் நடந்துகொள்ளும். ‘எஃப்3’ என்ற பேக்கேஜில் உள்ள எழுதும் கருவியும் படிக்கும் கருவியும் கார்டை நிரப்பிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

‘பாயிண்ட் ரிலீஸ் ஃபைல்ஸ் ஆர் மிஸ்ஸிங்’ என்று வருகிறது

பேக்0 கிடைத்துவிட்டது, பேக்1 முதல் பேக்8 வரை இல்லை. சிடியில் இருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு வரும். 1.32 திருத்தத்தோடு வந்த கோப்புகள் அவை. ஐஓகுவேக்3 தளத்தில் கிடைக்கும், அல்லது மேலே சொன்ன பேக்கேஜர் கொண்டுவந்துவிடும்.

ஓடுகிறது, ஆனால் நாலே நாலு மேப்தான் இருக்கிறது

உங்களிடம் இருப்பது டெமோ. க்யூ3டிஎம்1, டிஎம்7, டிஎம்17, டூர்னி2 ஆகிய நான்கும் மட்டும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். டெமோவின் பேக்0 கோப்புக்கும் முழு விளையாட்டின் கோப்புக்கும் ஒரே பெயர் என்பதுதான் குழப்பத்தின் வேர். எங்கோ இலவசமாகக் கிடைத்தது என்று இறக்கியவர்கள் பலரிடம் இருப்பது இதுதான். அமைப்பில் மாற்ற ஒன்றும் இல்லை. முழுப் பிரதியின் கோப்பு வேண்டும், அவ்வளவுதான்.

கம்பைல் செய்யும்போது ‘பிசிஎம்_ஹோஸ்ட்.எச்’ கிடைக்கவில்லை என்று நிற்கிறது

நீங்கள் பின்பற்றும் வழிகாட்டி மிகப் பழையது. முதல் ராஸ்பெர்ரி பை 2012இல் வந்தபோது அதில் 700 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம்11 சிபியு இருந்தது. கிராஃபிக்ஸுக்கு பிராட்காமின் சொந்த நூலகங்கள்தான் வழி. அந்தக் காலத்தில் குவேக் 3ஐ அந்த நூலகங்களோடு சேர்த்துக் கம்பைல் செய்தாக வேண்டும். ஆப்ட் கோப்புறைக்குள் விசி, விசிஎச்ஐக்யூ என்ற சாதனத்துக்கு 777 அனுமதி, ஒலிக்கு ஒரு மாட்ப்ரோப் கட்டளை, ஜிபியு_மெம் மதிப்பை ஏற்றுவது என்று அந்தக் குறிப்புகளில் எல்லாம் ஒரே மந்திரம் இருக்கும்.

இன்றைய 64 பிட் ஓஎஸ்ஸில் அந்த நூலகங்கள் இல்லை. இப்போது கிராஃபிக்ஸ் வேலையை மெசா டிரைவர் செய்கிறது. ஆகவே அந்த வழிகாட்டியில் விட்ட இடத்தைத் தேடித் தொடராதீர்கள். மூடிவிட்டு ஏபிடி வழிக்கு வாருங்கள். ஜிபியு_மெம் வரியை ஏற்கனவே எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். புதிய டிரைவர் தனக்கு வேண்டிய நினைவகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. அந்த வரியில் நீங்கள் ஒதுக்கும் எம்பி விளையாட்டுக்குப் போவதில்லை, சும்மா வீணாகிறது. 1 ஜிபி பலகையில் 256 எம்பியை இப்படி இழப்பது கொஞ்ச நஷ்டம் இல்லை.

கம்பைல் செய்துதான் தீருவேன் என்பவர்களுக்குத் தடை இல்லை. மூலக் களஞ்சிய வரியை இயக்கிவிட்டு ‘ஏபிடி பில்ட்-டெப் ஐஓகுவேக்3’ கொடுத்தால் தேவையான மேம்பாட்டுப் பேக்கேஜ்கள் எல்லாம் வந்து இறங்கிவிடும்.

படம் படமாக நகர்கிறது, நொடிக்கு நாலைந்து சட்டம் (ஃபிரேம்) கூட இல்லை

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. இங்கே பலரும் உடனே மெனுவுக்குப் போய் தரத்தைக் குறைக்க ஆரம்பிக்கிறார்கள். டெக்ஸ்சரைக் குறைப்பார்கள், நிழலை அணைப்பார்கள், திரையைச் சிறிதாக்குவார்கள்; நாலு ஆறாகும். பை 4 இந்த விளையாட்டை முழு எச்டியில் தாராளமாக ஓட்டும். இவ்வளவு மெதுவாக இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் வேலையே செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதிப்படுத்த ‘மெசா-யூட்டில்ஸ்’ பேக்கேஜை நிறுவி, ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையோடு பெரிய எழுத்து பி சேர்த்துக் கொடுங்கள். ஓபன்ஜிஎல் ரெண்டரர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். பை 4 என்றால் வி3டி 4.2, பை 5 என்றால் வி3டி 7.1, பை 3 என்றால் விசி4 வி3டி 2.1 என்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் பிடித்துவிட்டீர்கள்: முழு முப்பரிமாணக் கணக்கையும் சிபியுவே போட்டுக்கொண்டிருக்கிறது.

இப்படி ஆவதற்கு முக்கியக் காரணம், பலகை தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.டெக்ஸ்ட். அதில் ‘டிடிஓவர்லே’ என்று தொடங்கி ‘விசி4-கேஎம்எஸ்-வி3டி’ என்று முடியும் ஒரு வரி இருக்க வேண்டும். அதன் முன்னால் யாராவது ஹேஷ் குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நடுவில் கேஎம்எஸ்ஸுக்குப் பதில் எஃப்கேஎம்எஸ் என்று இருந்தால் அது பழைய இடைக்கால ஏற்பாடு, மாற்றிவிடுங்கள். 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்பின் இடமும் மாறிவிட்டது. முன்பு பூட் கோப்புறைக்குள் நேராக இருந்தது. இப்போது பூட்டுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இருக்கிறது. பழைய இடத்தில் போய் ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, அதில் கவனமாக எல்லா வரியும் எழுதி, பத்துத் தடவை மறுதொடக்கம் செய்தாலும் பலகை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

வரி சரியாக இருந்தும் எல்எல்விஎம்பைப் வந்தால், எங்கே உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து மெய்நிகர் டெஸ்க்டாப் வழியாக நுழைந்திருந்தால் இப்படித்தான் காட்டும். பலகையிலேயே எச்டிஎம்ஐ கம்பியைச் செருகி, அதன் திரையில் சோதியுங்கள்.

சரி, வி3டி என்றுதான் வருகிறது, ஆனாலும் சுமாராகத்தான் ஓடுகிறது என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று ரெண்டரர், அதாவது எஞ்சினில் படத்தை வரையும் பகுதி. ஐஓகுவேக்3இல் ஓபன்ஜிஎல்1, ஓபன்ஜிஎல்2 என்று இரண்டு ரெண்டரர்கள் உண்டு. இரண்டாவது பார்க்க நன்றாக இருக்கும், இந்தச் சிப்புகளுக்குக் கனம். கன்சோலில் (ஆட்டத்துக்குள்ளேயே கட்டளை தட்டும் இடம்; ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் திறக்கும்) ‘சிஎல்_ரெண்டரர்’ மதிப்பை ஓபன்ஜிஎல்1 ஆக்கிவிட்டு விளையாட்டை மூடித் திறங்கள். இன்னொன்று திரை அளவு. 4கே டிவியில் செருகியிருந்தால், டெஸ்க்டாப் அளவிலேயே ஓடு என்று அமைத்த விளையாட்டும் 4கேயில் ஓட முயலும். முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்; விலை குறைந்த பலகையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ‘ஆர்_மோட்’ -1 என்று வைத்து, ‘ஆர்_கஸ்டம்விட்த்’ 1280, ‘ஆர்_கஸ்டம்ஹைட்’ 720 கொடுத்து, ‘விட்_ரீஸ்டார்ட்’ அடியுங்கள்.

மாற்றம் பலன் தந்ததா என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கன்சோலில் ‘டைம்டெமோ 1’ என்று கொடுத்து, அடுத்து ‘டெமோ ஃபோர்’ கொடுங்கள். பதிவு செய்த ஆட்டம் ஒன்று தலைதெறிக்க ஓடி முடிந்ததும் சராசரி வேகத்தை எழுதிக் காட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இதை ஓட்டினால் எந்த மாற்றம் உதவியது என்று சண்டை போட வேண்டியதில்லை. ஆடும்போதே எண் தெரிய வேண்டுமென்றால் ‘சிஜி_ட்ராஎஃப்பிஎஸ் 1’. இதில் எஃப், பி, எஸ் மூன்றும் பெரிய எழுத்து.

எவ்வளவு மாற்றினாலும் 85ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? அது கோளாறு இல்லை. ‘காம்_மேக்ஸ்எஃப்பிஎஸ்’ என்பதன் இயல்பு மதிப்பே 85. பழைய ஆட்டக்காரர்கள் இதை 125 ஆக்கிக்கொள்வார்கள். கண்ணுக்கு அழகு என்பதற்காக இல்லை; இந்த எஞ்சினில் குதிக்கும் உயரம்கூடச் சட்ட வேகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், 125இல் குதி நன்றாக எழும்பும்.

முதல் சில நிமிடம் அருமை, அப்புறம் தளர்ந்துவிடுகிறது. சில சமயம் பலகையே மறுதொடக்கம் ஆகிறது

மென்பொருளை விடுங்கள். இது வெப்பம் அல்லது மின்சாரம்.

ஆட்டம் தளர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே இன்னொரு டெர்மினலில், முடிந்தால் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக, ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்’ என்று தட்டுங்கள். 0எக்ஸ்0 வந்தால் பலகை நலம். 0எக்ஸ்50005 வந்தால் மின்னழுத்தம் இந்த நொடியே குறைவாக இருக்கிறது, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 0எக்ஸ்50000 என்றால் இப்போது பரவாயில்லை, ஆனால் கடைசியாகப் பூட் ஆனதிலிருந்து எப்போதோ ஒரு முறை அப்படி நடந்தது. இதனால்தான் ஆட்டத்தை மூடிய பிறகு பார்த்தாலும் தடயம் கிடைக்கும்; பலகையை அணைத்துவிட்டால் தடயம் போய்விடும். திரையின் மூலையில் வரும் மின்னல் குறியும் இதே சேதியைத்தான் சொல்கிறது.

பலகை குறைவு என்று கணக்கிடும் அளவு சுமார் 4.63 வோல்ட். போன் சார்ஜரில் 5 வோல்ட் என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் மெல்லிய, நீளமான கம்பியில் பாரம் ஏறும்போது வோல்ட்டின் ஒரு பகுதி கம்பியிலேயே கரைந்துவிடும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆட்டத்தில் சிபியுவும் ஜிபியுவும் சேர்ந்து இழுக்கும் நொடியில் விழும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். பை 5க்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர். பை 5ஐ 3 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டலாம், ஓடவும் செய்யும். ஆனால் யுஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். வண்ண விளக்குகள் மின்னும் கீபோர்டு ஆட்டத்தின் நடுவே துண்டித்துப் போய் மறுபடி வந்தால் கீபோர்டைத் திட்டாதீர்கள்.

மின்சாரம் சரி என்றால் ‘விசிஜென்சிஎம்டி மெஷர்_டெம்ப்’ கொடுத்து வெப்பம் பாருங்கள். 80 டிகிரி தொட்டதும் பலகை தன் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும், 85இல் இன்னும் கடுமையாகக் குறைக்கும். பை 3பி+ மட்டும் 60 டிகிரியிலேயே மெல்லக் குறைக்கத் தொடங்கிவிடும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பை 4ஐ வைத்து ஆடினால் இது கண்டிப்பாக வரும். மூடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஆடிப் பாருங்கள். நிலைமை மாறினால் ஹீட்சிங்க்கோ விசிறியோ போட வேண்டியதுதான். ஓவர்க்ளாக் செய்திருந்தால், மற்ற எதையும் சோதிக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

கறுப்புத் திரை, வெளியேயும் வர முடியவில்லை

பதற்றப்பட்டு மின்கம்பியைப் பிடுங்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் மெமரி கார்டுக்கு அது ஆகாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் வரும். அங்கே உள்நுழைந்து ‘பிகில் -எஃப் குவேக்3’ கொடுத்து விளையாட்டை நிறுத்துங்கள். ஆல்ட், எஃப்7 அல்லது எஃப்1 அழுத்தினால் டெஸ்க்டாப்புக்குத் திரும்பலாம்.

காரணம் பெரும்பாலும் உங்கள் திரை ஏற்காத ஓர் அளவு அமைப்புக் கோப்பில் பதிந்துபோனது. அடுத்த தடவை தொடங்கும்போது ‘கடந்த முறை சரியாக மூடப்படவில்லை, பாதுகாப்பான அமைப்பில் தொடங்கவா’ என்று ஐஓகுவேக்3 கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் ‘.க்யூ3ஏ’வுக்குள் பேஸ்க்யூ3இல் இருக்கும் ‘க்யூ3கான்ஃபிக்.சிஎஃப்ஜி’ கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். எஞ்சின் இயல்பு மதிப்புகளோடு புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். அழிக்க வேண்டாம், உங்கள் விசை அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன.

ஜன்னலில் நன்றாக ஓடி, முழுத் திரைக்குப் போனால் மட்டும் கறுப்பானால் சந்தேகம், ஜன்னல்களைத் திரையில் காட்டும் அமைப்பான வேலண்ட் மேல். புக்வோர்மிலிருந்து பை 4லும் 5லும் டெஸ்க்டாப் வேலண்டில்தான் ஓடுகிறது. திரை அளவை மாற்றிக்கொண்டு முழுத் திரைக்குப் போகும் பழைய விளையாட்டுகளுக்கும் அதற்கும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. ‘ஆர்_மோட்’ -2 வைத்தால் டெஸ்க்டாப்பின் அளவிலேயே ஓடும், அளவு மாற்றமே இருக்காது. அதுவும் போதவில்லை என்றால் ‘ராஸ்பி-கான்ஃபிக்’ திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் வேலண்டுக்குப் பதில் அதற்கு முந்தைய அமைப்பான எக்ஸ்11ஐத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

பலகை தொடங்கும்போதே திரை கறுப்பு என்றால் கதை வேறு: இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகளில் மின் இணைப்புக்குப் பக்கத்தில் இருப்பதில் கம்பியைச் செருகுங்கள்.

சத்தம் வரவில்லை

பை 5இல் ஹெட்போன் துளையே கிடையாது. எச்டிஎம்ஐ, ப்ளூடூத் அல்லது யுஎஸ்பி வழியாகத்தான் ஒலி. மற்ற பலகைகளில் மேல்பட்டையில் இருக்கும் ஒலிக் குறியை வலது சொடுக்கி, எந்த வெளியீடு தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பிரவுசரில் சத்தம் வந்து விளையாட்டில் மட்டும் வரவில்லை என்றால் கன்சோலில் ‘எஸ்_யூஸ்ஓபன்ஏஎல் 0’ கொடுத்து ‘எஸ்என்டி_ரீஸ்டார்ட்’ அடியுங்கள். விளையாட்டு தொடங்கிய பிறகு வெளியீட்டை மாற்றியிருந்தால், மூடித் திறப்பதே குறுக்கு வழி.

கன்சோல் திறக்கவில்லை, மவுஸ் இழுக்கிறது

கன்சோலுக்கு எல்லாரும் எண் 1க்கு இடப்பக்க விசையைச் சொல்வார்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் பிரிட்டன் கீபோர்டு அமைப்பு தேர்வாகியிருந்தால் டில்டே குறி என்டர் விசைக்குப் பக்கத்துக்குப் போய்விடும். கீபோர்டு அமைப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதுவரை ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்தக் கீபோர்டிலும் கன்சோல் திறக்கும்.

சட்ட வேகம் நன்றாக இருந்தும் குறி கை அசைவுக்குப் பின்னாலேயே வந்தால், பலகை மவுஸை அடிக்கடி கேட்கவில்லை என்று பொருள். பூட் ஃபர்ம்வேர் கோப்புறையில் சிஎம்டிலைன்.டெக்ஸ்ட் கோப்பின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு ‘யுஎஸ்பிஎச்ஐடி.மவுஸ்போல்=0’ சேருங்கள். அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரியாக இருந்தாக வேண்டும். என்டர் தட்டிப் புது வரியில் எழுதினால் எழுதியது பலிக்காது.

இணைய ஆட்டத்தில் ‘அன்ப்யூர் கிளையன்ட்’ என்று வெளியே தள்ளுகிறது

சர்வரில் இருக்கும் பிகே3 கோப்புகளும் உங்களிடம் இருப்பவையும் ஒத்துப்போகவில்லை. பேக்8 வரை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நீங்களாகச் சேர்த்த உருவம், மேப் கோப்புகளைத் தற்காலிகமாக வெளியே எடுத்து வையுங்கள். ஓபன்அரீனாவின் கோப்புகளை பேஸ்க்யூ3க்குள் கொட்டியிருந்தால் இது நிச்சயம் வரும். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். வீட்டு வலையில் நீங்களே சர்வர் நடத்தி, வெளியிலிருந்து யாராலும் சேர முடியவில்லை என்றால் ரூட்டரில் யுடிபி 27960ஐத் திறந்துவிட வேண்டும்.

இறக்கிய விளையாட்டு ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்கிறது

களஞ்சியத்தை விட்டு வெளியே போய் ஏதாவது ஒரு லினக்ஸ் பதிப்பை இறக்கினால் வருவது இது. நீங்கள் இறக்கியது இன்டெல் வகை சிபியுவுக்கானது. பலகையில் இருப்பது ஏஆர்எம். ‘ஃபைல்’ கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் எதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்லிவிடும். ஏஆர்எம் பதிப்பு இல்லாத விளையாட்டுகளை, இன்டெல் நிரலை ஏஆர்எம்மில் ஓட்டித் தரும் பாக்ஸ்64 மூலம் ஓட்டலாம், வேகத்தில் கொஞ்சம் இழப்பு இருக்கும். குவேக் 3க்கு அந்தச் சிரமமே தேவையில்லை.

இதில் 32, 64 குழப்பமும் உண்டு. பை 4இல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் அதன் மையப் பகுதியான கெர்னல் 64 பிட்டாக இருக்கலாம். ‘யுநேம் -எம்’ ஏஆர்ச்64 என்று காட்டுவதை நம்பி 64 பிட் நிரலை இறக்கி ஏமாறுகிறார்கள். ‘கெட்கான்ஃப்’ கட்டளையோடு பெரிய எழுத்தில் லாங்_பிட் என்று கொடுங்கள். அது சொல்லும் எண்தான் நிஜம்.

பை 5இல் மட்டும் வரும் விசித்திரம் ஒன்று. ஏஆர்எம் பதிப்புதான், 64 பிட்தான், பை 4இல் ஓடுகிறது, இங்கே மட்டும் பேஜ் அளவு பற்றி ஏதோ புலம்பிவிட்டுச் சாகிறது. பை 5இன் கெர்னல் நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகப் பிரிக்கிறது; மற்ற பலகைகளில் 4 கேபி. 4 கேபியை மட்டும் எதிர்பார்த்துக் கட்டிய நிரல்கள் இதில் தடுமாறும். கான்ஃபிக்.டெக்ஸ்டில் ‘கெர்னல்=கெர்னல்8.ஐஎம்ஜி’ என்று ஒரு வரி சேர்த்து மறுதொடக்கம் செய்தால் 4 கேபி கெர்னலுக்கு மாறிவிடும். வேகம் ஓரளவு குறையும் என்பதால், அந்த விளையாட்டு வேண்டாம் என்று ஆனதும் வரியை எடுத்துவிடுங்கள்.